நாச்சிமுத்து, கோபிசெட்டிபாளையம்

கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டதும் கை இரண்டும் காணாமல் போய்விடுகின்றன. அடியில்தான் இருக்கின்றன, வலது கை சட்டைப் பையிலிருந்து எடுத்த போனைப் பிடித்தபடி மடியில், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் ஒரு நீலத் துணிக் குவியல், அதன் மேல் ஒரு தலை, குலசேகரன், நாற்பத்தெட்டு வயது, இருபத்தோரு வருடம் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு உறையூருக்குத் திரும்பி வந்தவன், தலை மட்டும். "எப்பவும் போலத்தானே சார்?" என்கிறார் சந்தனம். எப்பவும் போலத்தான். புதன்கிழமை, கடையில் வேறு ஆள் இல்லை, தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் யாரோ சமைக்கிறார்கள், பின்சுவர்க் கடிகாரம் கண்ணாடியில் இடம் வலம் மாறி ஓடுகிறது, ஒன்றே முக்கால் என்று காட்டுகிறது, அப்படியானால் பத்தேகால். கண்ணாடியில் ஒரு மணி ஆகும்போது மார்த்தாண்டத்தில் பதினொன்று. பதினொரு மணிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாலு மாடி லிஃப்டை ஓடவிடப் போகிறார்கள். அதை வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் படித்தேன். படித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். என்ன மனிதன் நான். ஸ்பிரேயர் புஸ்ஸென்று தலையில் விழுகிறது, ஒரு துளி காதுக்குப் பின்னால் இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை.

எழுதியது ததேயுஸ், மார்த்தாண்டத்து மெக்கானிக், லிஃப்ட்காரர்கள் பேசிக்கொள்கிற எங்கள் இணைய அரங்கத்தில். 'நாச்சிமுத்து அண்ணன் செல்லிட்ட பெறவு சந்தேகமே இல்ல. நாலு கதவுக்கும் ஊதா டப்பாதான் மாட்டியிருக்கு. இன்னைக்கு பதினொண்ணுக்கு ஓப்பனிங். ஃபாதர் வாறாரு.' கீழே பதினாறு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். ஊதா டப்பா என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கதவுப் பூட்டு, லிஃப்ட் கதவு முழுசாகச் சாத்திப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற சின்ன ஸ்விட்ச், அது சரி என்று சொன்னால்தான் லிஃப்ட் வண்டி நகரும். இப்போது பரவி வருகிற மலிவுச் சரக்கு, ஊதா அட்டைப்பெட்டியில் வருகிறது. அதில் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் ஒரு குட்டி மோட்டாரை வைத்துத் திறந்து மூடி, திறந்து மூடி ஓட்டினேன், ஐந்து நாள், டக் டக் டக், என் மனைவி தமயந்தி, "இதைத் தூக்கிட்டுப் போறீங்களா, நான் போகட்டுமா" என்று கேட்டாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் தடவையில் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து ஒட்டிக்கொண்டது. கதவு திறந்தே இருக்கிறது, டப்பா பூட்டியாச்சு என்கிறது. வண்டி உச்சி மாடிக்குப் போயிருக்கும், கீழே கதவு திறக்கும், ஒரு கிழவி கைத்தடியை முன்னால் ஊன்றி, உள்ளே தரை இருக்கிறது என்ற நம்பிக்கையில்... "சார், தலையைக் கொஞ்சம் குனிங்க." குனிகிறேன். மடியில் முடி விழுகிறது. இவ்வளவு நரையா. சந்தனமும் அதைத்தான் பார்க்கிறார் போல. "டை ஒண்ணு போட்ருவோமா சார்? பத்து வயசு குறைஞ்சிரும்." வேண்டாம். "உங்க சிநேகிதர் வில்வநாதன் சார் மாசம் தவறாம போட்டுக்கிறாரு." தெரியும். வில்வா எதையும் மாசம் தவறமாட்டான்.

நாச்சிமுத்து என்று ஒரு ஆள் கிடையாது. இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அரங்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இருக்கிறார்கள், கும்மிடிப்பூண்டியிலிருந்து குளச்சல் வரை, லிஃப்ட் மெக்கானிக்குகள், தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்குகிறவர்கள், அவர்களில் முதல் உறுப்பினர் யார் என்று கேட்டால் எல்லாரும் நாச்சிமுத்து அண்ணன் என்பார்கள், அப்படி ஒரு ஆள் கிடையாது. 'மின்தூக்கி அரங்கம்' என்று நான்தான் பெயர் வைத்தேன், "மின்தூக்கின்னு உலகத்துல எவன்டா சொல்றான், பொணம் தூக்கிங்கற மாதிரி இருக்கு" என்றான் வில்வா. எட்டாவது வரை தமிழ், அப்புறம் இங்கிலீஷ் என்று படித்த எனக்குத் தமிழ் எழுதினால் விறைத்துக்கொண்டு வரும், நான் எழுதிய விதிமுறைகளைப் பார்த்து, "தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸா இது" என்று கேட்டான். திறந்து வைத்த முதல் வாரம் பதினோரு பேர். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காலி அறைக்குள் எவன் முதலில் பேசுவான்? ஒருத்தன் கேட்க வேண்டும், ஒருத்தன் பதில் சொல்ல வேண்டும், அப்போதுதான் மூன்றாமவனுக்கு வெட்கம் விடும். அதனால் ஒருத்தனை உண்டாக்கினோம். வில்வா வீட்டு மொட்டைமாடியில், சாயங்காலம், வேர்க்கடலை கொறித்துக்கொண்டு. ஊர் கோபிசெட்டிபாளையம், ஏனென்றால் சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்த்த கோபிக்காரர் பேச்சு எனக்கு வாயில் இருந்தது. வயது ஐம்பத்தைந்து. அனுபவம் முப்பது வருடம், ஆனால் எதுவும் தெரியாது என்கிற பணிவு. 'ஏனுங்க, இந்த பிரேக் சூடாகறது எதனாலீங்? தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க.' நான் கேட்பேன், வில்வா தன் பெயரில் பதில் சொல்வான். மறுநாள் வில்வா கேட்பான், நான் பதில். கடவுச்சொல் வில்வாவின் முதல் மொபெட் நம்பர். பத்தாம் நாள் தூத்துக்குடியிலிருந்து நிஜமான ஒருவன் உள்ளே வந்து, 'அண்ணே, நம்ம வண்டியிலயும் இதே சூடு' என்று எழுதினான். ரெண்டு பேரும் எழுந்து நின்று கைகுலுக்கினோம். வில்வாவின் கண் கலங்கியிருந்தது, கலங்கியிருந்ததா, நான் இப்போது சேர்த்துக்கொள்கிறேனா?

போன் மடியில் நடுங்குகிறது. எடுக்க முடியாது, கத்தரிக்கோல் காதோரம். ஒருமுறை, இரண்டுமுறை, நிற்கிறது. வில்வாவாகத்தான் இருக்கும். வேறு யார். காலை ஏழே காலுக்கு நாச்சிமுத்து பேசியிருந்தார். நாலு வருடமாகப் பொதுவில் வாய் திறக்காத மனிதர். 'ஊதா டப்பா நான் ரெண்டு வருசமாப் போடறேனுங்க, ஒரு புகாரும் இல்லீங், பயப்படாமப் போடுங்க.' படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைத்தான் தாங்க முடியவில்லை. அட, நாச்சிமுத்து அண்ணன், எவ்வளவு நாளாச்சு, என்று ஒரு நொடி. அப்புறம்தான் உறைத்தது, நான் எழுதவில்லையே, நான் எழுதவில்லை என்றால் உலகத்தில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான். நாச்சிமுத்து எதையும் அடித்துச் சொல்கிறவர் இல்லை. கேட்கிறவர். நாங்கள் அப்படித்தான் செய்தோம் அவரை. போன மாதம் வில்வா வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய சைக்கிளுக்குப் பின்னால் ஊதா அட்டைப்பெட்டிகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன, "மச்சான் வச்சிட்டுப் போயிருக்கான்டா, இடம் இல்லையாம்" என்றான், அவன் மனைவி கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தேன், காபியில் சர்க்கரை தூக்கல் என்று யோசித்தேன். பார்த்தேன். பார்க்கவில்லை. என் சோதனை முடிவை எழுதி வைத்து ஒன்பது நாளாகிறது. ஒரு பொருளைக் குறை சொல்கிற பதிவு என்றால் நடுவர்கள், வில்வாவும் நானும், இரண்டு பேரும் ஒப்புதல் பட்டனை அழுத்தினால்தான் வெளியே போகும், அது நான் எழுதிய விதி, முன்பு ஒரு கம்பெனிக்காரன் வக்கீல் நோட்டீஸ் விட்டபோது நானே தாசில்தார் தமிழில் எழுதியது, பதினான்காம் விதி. என் பட்டன் பச்சை. அவன் பட்டன் சாம்பல். ஒன்பது நாளாகச் சாம்பல். "கம்பெனிக்காரங்கிட்ட விளக்கம் கேட்டிருக்கேன், வரட்டும்டா, அதுதானே நம்ம முறை." நம்ம முறை. "வாடா திருச்சிக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது பண்ணலாம், அங்க எவனுக்குடா நீ வேணும்" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டவன். அந்தக் குரலை நம்பித்தானே சிங்கப்பூர் வீட்டைக் காலி பண்ணினேன். இல்லை, தமயந்தியின் அப்பா விழுந்ததற்காக. இல்லை, அந்தக் குரலுக்காகத்தான்.

"மீசையை லேசா ஒதுக்கவா?" ம். கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினால் சிவப்பு எழுத்து தெரிகிறது. கடவுச்சொல் தவறு. வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து முதலில் செய்த காரியம் அதுதான், ததேயுஸைக் கூப்பிடவில்லை, வில்வாவைத் திட்டவில்லை, நாச்சிமுத்துவாக உள்ளே போகப் பார்த்தேன். 'காலையில சொன்னதுல தப்பு நடந்துபோச்சுங்க, ஊதா டப்பா வேண்டாமுங்க, கழட்டிருங்க.' மூன்று வரி. யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம், அண்ணன் அண்ணனாகவே இருப்பார், லிஃப்டும் நிற்கும். மொபெட் நம்பரை அடித்தேன். தவறு. தவறி அடித்திருப்பேன் என்று மறுபடி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. தவறு. மாற்றிவிட்டான். ஊதாப் பெட்டிகளைப் பார்த்தபோது வராத கோபம் அங்கே, அந்த வெயிலில், வந்தது. நாச்சிமுத்துவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான். பாதி என்னுடையவர் இல்லையா அவர்? அந்த இழுப்பு, அந்த மன்னிச்சுக்குங்க, அதெல்லாம் என்னுடையது. இவனுக்கு அந்தப் பேச்சே வராது, சொல்லிச் சொல்லித் திருத்தியிருக்கிறேன். சரி, பதிவை அழித்துவிடலாம், நான் நடுவர், அழித்தால் 'நடுவர் நீக்கினார்' என்று கறுப்புக் கோடு விழும், ததேயுஸ் ஏற்கெனவே படித்தாகிவிட்டது, என்னைத்தான் திட்டுவான். போன பங்குனியில் மாடல் எண் பொறித்த இயந்திரத் தகட்டின் படம் போடாமல் மூன்று தடவை கேள்வி கேட்டான் என்று ஏழு நாள் வெளியே நிறுத்தினேன் அவனை, ஏழாம் விதி. 'சிங்கப்பூர் சாருக்கு எங்க வேல தெரியுமா, இங்க தகடும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வெட்டி எடுத்து வித்துட்டானுவ' என்று எழுதிவிட்டுப் போனான். நியாயம்தான். சாரி என்று ஒரு வார்த்தை என் பெயரில் எழுத முடியவில்லை, விரல் விறைத்தது. அன்றைக்கு நாச்சிமுத்துவாகத் தனிச்செய்தி எழுதினேன். 'அவரு மோசமான ஆளில்லீங் ததேயுஸ், பாசை கொஞ்சம் வெறைப்பு, அவ்வளவுதானுங்க. நீங்க வராம இருக்கக் கூடாதுங்க.' நாச்சிமுத்துவை இனி எடுப்பதில்லை என்று வில்வாவும் நானும் பேசி முடித்து மூன்று வருடம் கழித்து. அவனுக்குத் தெரியாமல். ததேயுஸ் திரும்பி வந்தான். அப்புறம் அடிக்கடி எழுதுவான் அண்ணனுக்கு, நானும், ஒன்றிரண்டு, ஐந்தாறு, இருபது இருக்குமா? 'அண்ணா, அக்கா எப்பிடி இருக்காவ?' என்றுதான் ஆரம்பிப்பான். நல்லா இருக்காங்க, சாமி.

சந்தனம் பிளேடு மாற்ற அலமாரிப் பக்கம் போகிறார். துணிக்கு வெளியே கையை எடுக்கிறேன், ஏதோ திருடுவதுபோல. வில்வாதான். 'டேய் குலா. காலைல இருந்து போன எடுக்க மாட்டேங்கற. ஒரு டப்பாவுக்கு இவ்வளவா? மச்சான் முதல் தடவையா ஒரு தொழில்ல நிக்கிறான், ரெண்டு மாசம் பொறு, புது ஸ்பிரிங் போட்டு வருது. நாச்சிமுத்துவை நான் எடுத்தது தப்புன்னா நீ எடுத்தது என்ன? ததேயுஸுக்கு நீ எழுதினது அத்தனையும் நான் படிச்சிருக்கேன்டா. ஒரு வார்த்தை கேட்டனா?' படித்திருக்கிறான். அத்தனையும். கேட்கவில்லை. அது அன்பா, இன்றைக்காக வைத்திருந்ததா? அந்த மொட்டைமாடியில் அவனும் நானும் ஆனதெல்லாம் இப்போது எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் கோணலாகத் தெரிகிறது, இந்தக் கடிகாரம் மாதிரி. அந்த ஆபரேஷனும் அவன் யோசனைதான், நிஜ ஆட்கள் வந்துவிட்டார்கள், நாச்சிமுத்துவை மெல்ல ஒதுக்க வேண்டும், "பொண்டாட்டிக்கு இருதயத்துல ஆபரேஷன்னு போடு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரின்னு, ஆறு மாசம் காணாமப் போகலாம்." போட்டது நான். நூற்று நாற்பது பேர் பதில் எழுதினார்கள், ஒருவர் ரத்தம் கொடுக்க வரவா என்று கேட்டார். ரெண்டு பேரும் முதலில் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்று, வில்வா எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினான். 'நல்லபடியா முடிஞ்சுதுங்க, உங்க எல்லாரோட புண்ணியம்' என்று எழுதியதும் நான். சந்தனம் திரும்பி வருகிறார். கண்ணாடியில் ஒன்று இருபது. பத்து நாற்பது. "சார், பின்கழுத்து மட்டும்தான் பாக்கி." ஒரு நிமிஷம், சந்தனம், ஒரு போன். "பேசுங்க சார், நான் பாட்டுக்கு மெதுவா இழுக்கிறேன்." பேசக்கூடாது, கத்தி கழுத்தில் இருக்கும்போது. பேசுகிறேன். உறுப்பினர் பட்டியலில் எண் இருக்கிறது.

"ஹலோ, ஆரு?" பின்னால் துளை போடுகிற சத்தம், யாரோ நாற்காலி இழுக்கிறார்கள். ததேயுஸ், நான் குலசேகரன், அரங்கத்துலேருந்து. "ஓ, சிங்கப்பூர் சாரா! என்ன சார், நேர்லயே வெளிய தள்ளப் போறீயளா?" சிரிக்கிறான். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, இவ்வளவு சின்ன வயதுக் குரலா. ததேயுஸ், லிஃப்டை ஓட்டாதீங்க, அந்த டப்பா ஒட்டிக்குது, நானே ஓட்டிப் பார்த்தேன், கதவு திறந்திருந்தாலும் பூட்டினதாச் சொல்லுது. "அப்பிடியா? பெறவு ஏன் சார் போடல அரங்கத்துல?" பதினான்காம் விதி என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லவில்லை. "நாச்சிமுத்து அண்ணன் ரெண்டு வருசமாப் போடுதாராம். காலைலதான் செல்லிச்சு. ஃபாதர் வந்து நிக்காரு, பாட்டியெல்லாம் சேலை மாத்தி வந்து வரிசைல இருக்காவ. அண்ணன் ஒரு வார்த்தை செல்லட்டும் சார், இப்பவே கழட்டுதேன். ஒங்களுக்கு அண்ணன் மேல என்ன கோவம்?" கத்தி பின்கழுத்தில் குளிர்ச்சியாக இறங்குகிறது. நாச்சிமுத்து நான்தான், ததேயுஸ். "வெளையாடாதீங்க சார்." நான்தான். பங்குனியில நீங்க இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்னு தனியா எழுதினீங்க. அவரு மோசமான ஆளில்லீங், பாசை கொஞ்சம் வெறைப்புன்னு பதில் வந்துதே. அதை எழுதினது நான். காலைல எழுதினது நான் இல்ல. இப்படி ஒரு ஆளே இல்ல, நாங்க ரெண்டு பேரு, நானும் வில்வநாதனும், ஆரம்பத்துல யாரும் பேசலேன்னு... துளை போடுகிற சத்தம் நின்றிருக்கிறது. சந்தனத்தின் கையும் நின்றிருக்கிறது. கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்.

"லே வின்சு," என்று அங்கே கத்துகிறான், போனிலிருந்து வாயைத் திருப்பி, "மெயினை அணைச்சு நாலையும் கழட்டு. ஃபாதர்ட்ட நான் பேசிக்கிடுதேன்." ஏதோ ஒரு மின்விசிறியின் இரைச்சல், இவ்வளவு நேரம் இருந்தது என்றே தெரியாத இரைச்சல், மெல்ல மெல்ல இறங்கி அடங்குகிறது, எனக்குத் தெரியும் அந்தச் சத்தம், வண்டி செத்த சத்தம். போதும். இதற்குத்தான் கூப்பிட்டேன், ஆகிவிட்டது, வைத்துவிடலாம். அவன் வைக்கவில்லை. "அப்போ அக்கா?" என்கிறான். எந்த அக்கா? "ஆபரேசன் செய்த அக்கா." அப்படி யாரும் இல்ல, ததேயுஸ். "எனக்க அம்மைக்கு நடக்க ஏலாது சார். அன்னைக்கு ஆட்டோ பிடிச்சிக் கோயிலுக்கு வந்தா. அண்ணன் பொஞ்சாதிக்குச் சொகம் கிட்டணும்னு பூசை வச்சோம். சாமியாரு பேரு கேட்டாரு, எங்களுக்குத் தெரியாது. நாச்சிமுத்துக்க வீட்டுக்காரின்னு தாள்ல எழுதிக் குடுத்தோம், அப்பிடியே வாசிச்சாரு. இப்பவும் ராத்திரி செபத்துல அம்மை அவ பேரச் செல்லுதா, நாச்சிமுத்துக்க வீட்டுக்காரின்னு." போனை மறு காதுக்கு மாற்றுகிறேன். "அவட்ட நான் என்ன செல்லட்டு?" அவன் கேட்டது கோபமாக இல்லை, படம் போடாமல் கேள்வி கேட்பானே, அதே மாதிரி, உண்மையிலேயே தெரியாமல், பதில் தெரிந்த ஒருவனிடம் கேட்கிற மாதிரி. போன் காதில் இன்னொருமுறை நடுங்குகிறது, வில்வா கூப்பிடுகிறான், எடுத்தால் இவன் போய்விடுவான். "சார்," என்று சந்தனம் மெதுவாகச் சொல்கிறார், கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, "தோளை ஆட்டாதீங்க சார். பட்டுரும்."